நடைக் கணக்கு

இரவு எட்டு மணி. கொழும்புத்துறையில் ஒரு வீட்டு விறாந்தை. கதிரையில் இருக்கும் அம்மம்மாவின் கையில் பேரனுடைய போன். சற்று முன்வரை யூடியூப்பில் ஒரு நாதஸ்வரக் கச்சேரி தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவருக்கு ஊர்த் தளத்தைப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் காலமான ஒருவருடைய அறிவித்தல் அதில் வந்திருக்கிறதாம். பேரன் தட்டிக் கொடுத்தான். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம்.

"என்னடா தம்பி, சுத்திக்கொண்டு நிக்குது?"

"நெற் ஸ்லோ அம்மம்மா."

"அப்ப இவ்வளவு நேரமும் பாட்டு எப்பிடி ஓடினது?"

பேரனிடம் பதில் இல்லை. போன் மாறவில்லை, ரவர் மாறவில்லை, காலையில் போட்ட டேட்டாவும் தீரவில்லை. அரை மணி நேரக் காணொளி ஒரு மரண அறிவித்தலைவிடப் பல மடங்கு பாரம். பாரமானது ஓடிவந்து சேர, இலேசானது வழியில் நிற்கிறது. "நெற் ஸ்லோ" என்று சொல்லிவிட்டால் இந்தப் புதிர் அவிழாது.

வள்ளமும் மூட்டையும்

கொழும்புத்துறைக்காரருக்கு இதை விளங்கப்படுத்த வெளியூர் உவமை வேண்டாம். யாழ்ப்பாண நகரத்துக்குத் தென்கிழக்கே, கடல்நீரேரியின் விளிம்பில் கிடக்கும் ஊர். யோகர் சுவாமிகள் 1964இல் சமாதியாகும்வரை வாழ்ந்த ஊர் என்றால் கடல் கடந்தும் ஆட்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கெல்லாம் முன்பே இது ஒரு துறை. எதிர்க்கரையில் பூநகரி. சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது 2011 ஜனவரியில்தான். அதற்கு முந்திய காலங்களில் ஆட்களும் நெல்லும் விறகும் வள்ளத்தில் இந்த நீரேரியைக் கடந்தன.

எதிர்க்கரையில் நூறு மூட்டை நெல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இக்கரைக்கு எப்போது வந்து சேரும்? வள்ளம் எத்தனை மூட்டை பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். ஒரு நடை போய்வர எவ்வளவு நேரம் என்றும் பார்க்க வேண்டும். இணைய நிறுவனங்கள் விளம்பரப் பலகையில் எழுதும் '100 எம்பிபிஎஸ்' என்பது வள்ளத்தின் அகலம். காசு கொடுத்தால் அதைப் பெரிதாக்கலாம். நீரேரியின் அகலத்தை எந்தப் பக்கேஜும் குறைத்துத் தராது.

இணையப் பக்கமொன்று திறப்பது பெரும்பாலும் நடைகளின் கதை. தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியை விசாரிக்க ஒரு நடை. சேர்வருடன் "இருக்கிறீரோ?", "இருக்கிறன், சொல்லும்" என்று பேச்சைத் தொடங்க இன்னொரு நடை. பூட்டுப் போட்ட பாதுகாப்பான தொடர்பென்றால் சாவி மாற்றிக்கொள்ள ஒன்று. 2018இல் வெளியான புதிய விதிமுறைக்கு மாறாத பழைய சேர்வர் இதற்கு மட்டும் இரண்டு நடை கேட்கும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் "அந்த அறிவித்தலைத் தாரும்" என்று வாயைத் திறக்கலாம். அதுவரை திரையில் ஓர் எழுத்தும் தெரியாது.

இதற்குள் அலைக்கழிப்பும் உண்டு. ஒரே தளத்துக்குப் பழைய முகவரி, பூட்டில்லாத முகவரி, முன்னால் மூன்று டபிள்யூ போட்டது, போடாதது என்று நாலு வாசல் இருக்கும். பிழையான வாசலில் தட்டினால் மற்ற வாசலுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் பெரும்பாலான நடைகள் முதலிலிருந்து தொடங்கும். அரச அலுவலகமொன்றில் ஒரு கையெழுத்துக்காக யன்னல் யன்னலாக அலைந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

பொருள் வரத் தொடங்கிய பிறகும், வள்ளக்காரன் எடுத்த எடுப்பில் முழுப் பாரம் ஏற்றமாட்டான். நீரோட்டம் எப்படியோ, யார் கண்டது? முதல் நடையில் பத்துப் பொதி, ஏறத்தாழ 14 கேபி. அது பழுதில்லாமல் சேர்ந்துவிட்டது என்ற செய்தி வந்தால் அடுத்த நடையில் இருபது, பிறகு நாற்பது, எண்பது. இந்தப் பத்து, உவமைக்காக நான் எடுத்த எண்ணல்ல. 2013இல் வெளியான இணைய விதிமுறைப் பத்திரத்தில் எழுதியிருக்கும் எண். அதற்கு முன் இதிலும் குறைவு. ஆக, 14 கேபிக்குள் அடங்கும் பக்கம் ஒரே நடையில் வந்து இறங்கிவிடும். இரண்டு எம்பி பக்கத்துக்கு, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், ஏழெட்டு நடை. இடையில் ஒரு பொதி தொலைந்தால் வள்ளக்காரன் பயந்து பாரத்தைக் குறைத்துவிடுவான். காசைக் கொட்டிப் பெரிய வள்ளம் வாங்கியவர் முதல் நாலைந்து நடைக்கு அதை முக்கால்வாசி வெறுமையாகவே ஓட்டுகிறார்.

கொழும்புக்குப் போய்த்தான் கடலிறங்க வேண்டும்

ஒரு நடைக்கு எவ்வளவு நேரம்? கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். வெற்றிடத்தில் ஓடும் வேகத்தில் இது மூன்றில் இரண்டு. கொழும்புத்துறையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,800 கிலோமீற்றர். போய்வர 28 மில்லி செக்கன். பெரிய தரவு நிலையங்கள் குவிந்துகிடக்கும் அமெரிக்காவின் வெர்ஜீனியா சுமார் 14,000 கிலோமீற்றர். போய்வர 140 மில்லி செக்கன். கண்ணாடி இழைக்குள் இது இயற்கை கீறிவைத்த கோடு, எந்தப் பொறியியலாளராலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. உண்மையில் கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை. கண்டங்களைச் சுற்றி, சந்திக்குச் சந்தி நின்று, வெர்ஜீனியாவுக்குப் போய்வர 200 மில்லி செக்கனைத் தாண்டிவிடும். ஐந்து நடைக்கு ஒரு செக்கன் போய்விட்டது. இன்னும் ஒரு படம்கூட வரவில்லை.

ஊர்த் தளங்களை நடத்துகிறவர்கள் பலர் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். மலிவு வாடகைக்கு இடம் கிடைக்கும் சேர்வரும் அந்தப் பக்கத்தில்தான் கூடுதல். அவர்களுக்கு அது பக்கத்து அறை. "எனக்கு உடனே திறக்குதே, உங்கட போனிலதான் ஏதோ பிழை" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. கொழும்புத்துறைச் செய்தியைக் கொழும்புத்துறையில் இருந்து வாசிப்பவருக்குத்தான் அது அத்திலாந்திக் கரைக்குப் போய்வருகிறது.

நம்முடைய பக்கத்திலும் ஒரு வளைவு இருக்கிறது. நாட்டை உலகத்தோடு இணைக்கும் கடலடிக் கேபிள்கள் கரையேறும் இடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை. சீ-மீ-வீ 4 கொழும்பில் ஏறியது, சீ-மீ-வீ 5 மாத்தறையில். தூத்துக்குடியிலிருந்து 2006இல் வந்த பாரத் லங்கா கேபிள்கூடக் கல்கிசைக்குத்தான் போனது. பருத்தித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையே அறுபது எழுபது கிலோமீற்றர் நீர்தான். எண்பதுகளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் தென்னை உயரத்துக்கு அன்ரனா கட்டித் தூரதர்ஷன் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அலை நேரே நீரைத் தாண்டி வந்து விழுந்தது. இணையப் பொதிக்கு அந்தப் பாய்ச்சல் தெரியாது. வேதாரணியத்தில் இருப்பவருக்கு இங்கிருந்து அனுப்பும் வணக்கம் முதலில் நானூறு கிலோமீற்றர் தெற்கே போய், அங்கேதான் கடலிறங்கும். ஊரின் பெயரில் கொழும்பும் இருக்கிறது, துறையும் இருக்கிறது. கேபிளின் துறை மட்டும் மற்றக் கொழும்பில்.

நியாயமாகச் சொன்னால் அந்த நானூறு கிலோமீற்றர் போய்வர நாலு மில்லி செக்கன்தான். அது தாமதமே இல்லை. வாசல்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதில்தான் எனக்குக் கவலை. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே இந்தியச் சரக்குக் கப்பலொன்றின் நங்கூரம் கேபிளில் மாட்டியபோது நாட்டின் இணையமும் வெளிநாட்டு அழைப்புகளும் படுத்தன. இன்று கேபிள்கள் கூடிவிட்டதால் அப்படி முழுதாகப் படுக்காது. ஒன்று அறுந்தால் போக்குவரத்து வேறு வழியில் திரும்பும். வழி நீளும், நெரிசல் கூடும். 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்கு அருகே செங்கடலில் சீ-மீ-வீ 4 உட்பட கேபிள்கள் அறுந்தபோது தெற்காசியாவில் பலருக்குப் பக்கங்கள் மெதுவாகத்தான் திறந்தன. காரணம் அவர்கள் வீட்டு ரவுட்டரில் இல்லை.

கேபிளை விட்டால் செய்மதி: 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. அதன் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே சுற்றுகின்றன. பழைய வகைச் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நின்றதால் அதற்கு ஒரு நடைக்கே அரைச் செக்கன். வேறுபாடு பெரிதுதான். ஆனாலும் வானத்தில் பறக்கும் பொதி கடைசியில் எங்கோ ஒரு தரை நிலையத்தில் இறங்கிக் கேபிளைத்தான் பிடிக்க வேண்டும்.

பச்சை மீனும் கருவாடும்

அம்மம்மாவின் நாதஸ்வரத்துக்கு வருவோம். அது கலிபோர்னியாவிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. யூடியூப்பை நடத்தும் கூகுள் தன் பெட்டிகளை உலகெங்கும் இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆட்கள் அடிக்கடி பார்க்கும் காணொளியின் பிரதி அங்கேயே கிடக்கும். நடை குறுகியது, வள்ளமும் பெரியது. பிறகென்ன, பாட்டு ஓடும். கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்கள் இதே வசதியை மற்றத் தளங்களுக்கும் தருகின்றன. கிளவுட்ஃபிளேருக்குக் கொழும்பிலும் ஒரு களஞ்சியம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை 2003இல் தொடங்கிவைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. மயூரநாதன். ஆனால் அதன் பக்கங்கள் யாழ்ப்பாணத்துக்கு நெருங்கி வந்தது, விக்கிமீடியா அறக்கட்டளை 2018இல் சிங்கப்பூரில் தற்காலிகப் பிரதிகளுக்கான நிலையத்தைத் திறந்த பிறகுதான்.

எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைக்க முடியாதா என்று கேட்கலாம். பக்கத்து ஊரான பாசையூர்ச் சந்தையில் இதற்கு விடை இருக்கிறது. பச்சை மீனை அன்றன்றைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். கருவாட்டை மாதக்கணக்கில் வீட்டில் வைக்கலாம். தளத்தின் இலச்சினை, எழுத்துரு, போன வருடத் திருவிழாப் படம் எல்லாம் கருவாடு. வங்கிக் கணக்கின் மீதியும் கொழும்பு பஸ்ஸில் மிஞ்சிய சீற்றும் பச்சை மீன். எது எது என்று சேர்வர் ஒவ்வொரு பொருளிலும் சீட்டு ஒட்டி அனுப்பும்: இதை ஒரு வருடம் வைத்திரு, இதை வைக்காதே. பராமரிப்பில்லாத தளங்களில் அந்தச் சீட்டை ஒட்ட ஆளில்லை. பாவம் பிரவுசர், நேற்று வாங்கிய கருவாடு இன்றும் கருவாடுதானா என்று கேட்கத் திரும்பவும் வள்ளம் எடுக்கிறது.

பொதுப் பரீட்சை முடிவு வெளியாகும் இரவை நினைத்துப் பாருங்கள். முழு நாடும் ஒரே வாசலில் நிற்கும். அப்போது தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. சேர்வர் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் வட்டம் சுற்றும். 2022இல் பெற்றோலுக்கு நின்ற வரிசையில் ஷெட் எவ்வளவு கிட்ட இருந்தது என்பதா முக்கியம்? ஒவ்வொருவர் சுட்டெண்ணுக்கும் தரவுத்தளத்தைத் திறந்து தேடி, பக்கத்தைச் சமைத்துக் கொடுத்தால் வரிசை நகராது. எனக்கு ஓர் எண்ணம்: பரீட்சை முடிவு பார்வைக்குத்தான் பச்சை மீன். அறிவித்த பிறகு அது மாறுவது அபூர்வம். முதல் நாளே எல்லாச் சுட்டெண்ணுக்கும் பக்கங்களைச் செய்து, காயவைத்து, நாலு களஞ்சியத்தில் அடுக்கி, குறித்த நேரத்துக்குக் கதவைத் திறந்தால் போதும். மீள்திருத்தத்தில் மாறும் சிலதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பாரம் எதில் இருக்கிறது?

தமிழ் எழுத்துத்தான் பாரம் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் உண்மைதான். 'கொழும்புத்துறை' என்று யுனிகோடில் எழுதினால் 14 குறிகள். குறிக்கு 3 பைற் வீதம் 42 பைற். ஆங்கிலத்தில் அதே பெயர் 13 எழுத்து, 13 பைற். மூன்று மடங்குக்கு மேல். ஆனால் தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைற் ஒன்றேதான், இரண்டாவது பைற்றும் இரண்டே வகை. திரும்பத் திரும்ப வருவதை மடித்துச் சுருக்குவதில் கொம்பியூட்டர் கெட்டி. சேர்வரில் சுருக்கும் வசதியைத் திறந்துவிட்டால் அந்த மேலதிகப் பாரத்தில் பெரும் பங்கு வழியிலேயே கரைந்துவிடும். சுருக்காமல் விட்டாலும், நீங்கள் வாசிக்கும் இந்தக் கட்டுரை முழுவதும் 60 கேபிகூட வராது. போனில் எடுத்து அப்படியே ஏற்றிய ஒரு திருவிழாப் படம் 3 எம்பி, இதைப்போல ஐம்பது கட்டுரைக்கு மேல்.

அந்தப் படம் 4,000க்கு 3,000 புள்ளி, அதாவது ஒரு கோடியே இருபது இலட்சம். கையிலிருக்கும் போன் திரையின் அகலம் 1,080 புள்ளியென்றால் அதற்குத் தேவை ஒன்பது இலட்சம்கூட இல்லை. பதின்மூன்று மடங்குக்கு மேல் கொண்டுவந்து, இங்கே இறக்கி, நசுக்கிக் காட்டுகிறோம். ஏற்றும்போதே சுருக்கியிருந்தால் அம்மம்மா இதற்குள் அறிவித்தலை வாசித்து, "ஐயோ, இவன் எங்கட சந்தியில கடை வைச்சிருந்தவன்" என்று சொல்லி முடித்திருப்பார்.

பழைய புத்தகங்களை வருடும்போதும் இந்தக் கணக்குத்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவருகிறது நூலகம் தளம். ஏ4 பக்கமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால் சுமார் 87 இலட்சம் புள்ளி. முழு வண்ணத்தில் வைத்தால் சுருக்குமுன் 26 எம்பி. வெறும் கறுப்பு வெள்ளையில் ஒன்றுக்குச் சற்று மேல். ஆவணம் காப்பவருக்கு வண்ணம் வேண்டும், பழுப்பேறிய தாளின் கறையும் அவருக்குச் சான்று. பஸ்ஸில் போகும்போது போனில் வாசிப்பவருக்கு எழுத்து தெரிந்தால் போதும். இரண்டு பேரும் சொல்வது நியாயம். ஒரே கோப்பை இரண்டு பேருக்கும் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

எழுத்துருவுக்கு வேறு கதை. பாமினி என்ற பழைய எழுத்துருவின் காலத்தில் அதை இறக்கிப் போட்டாலொழியத் தமிழ்ப் பக்கம் பூச்சி பூச்சியாகத் தெரியும். இன்று போனிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது. ஆனாலும் வடிவமைப்பவர் அலங்கார எழுத்துரு ஒன்றைத் தனியாக வைப்பார். அது வரும்வரை பிரவுசர் மூன்று செக்கன்வரை எழுத்தையே மறைத்துவைக்கும். செய்தி வந்து வீட்டுக்குள் இருக்கிறது; உடுப்பு வரவில்லை என்று வெளியே வர மறுக்கிறது. முதலில் வீட்டு உடுப்போடு வந்து நில் என்று சொல்ல ஒரே ஒரு வரிக் கட்டளை போதும்.

படத்தைவிடப் பொல்லாதது ஸ்கிரிப்ட். ஒரே எடை என்றாலும் படம் பாண் மாதிரி, வாங்கிவந்ததும் பிய்த்துத் தின்னலாம். ஸ்கிரிப்ட் ஒடியல் மா. கொண்டுவந்த பிறகுதான் கூழ் காய்ச்ச வேண்டும். காய்ச்சும் அடுப்பு உங்கள் போன். விலை குறைந்த போன் என்றால் சின்ன அடுப்பு. பக்கம் முழுவதும் வந்த பிறகும் விரலால் தட்டினால் அசையாமல் நிற்பது இதனால்தான். விளம்பரங்கள் இந்த வகை. ஒரு செய்திப் பக்கத்துக்குள் பத்து நிறுவனங்களின் ஸ்கிரிப்ட், ஒவ்வொன்றுக்கும் தனி விசாரிப்பு, தனிச் சாவி, தனி நடை. கடைசியில் வரும் விளம்பரம் நடுவில் இடம்பிடித்து, வாசித்த வரியைக் கீழே தள்ளிவிடும். தலைப்பில் தட்டப்போன விரல் கடன் விளம்பரத்தில் விழும்.

கடைசித் தூரம் வீட்டுக்குள். ரவுட்டர் ஹோலில், ஆள் பின்பக்கக் குசினியில், இடையில் இரண்டு சுண்ணாம்புக்கல் சுவர். அந்த நேரம் பார்த்து மகள் கலியாண வீட்டு வீடியோவைக் கனடாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் சின்னச் சின்னக் கோரிக்கைகள் எல்லாம் அந்த லொறிக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். நல்லூர்த் தேர் நாளில் ரவருக்கு நேர் கீழே நின்றாலும் போனில் அலைக்கோடு முழுதாக இருக்கும், பக்கம் திறக்காது.

2009இல் யூடியூப்பில் வேலை செய்த கிறிஸ் சக்கரையாஸ் என்ற பொறியியலாளர் 1.2 எம்பி இருந்த காணொளிப் பக்கத்தை 98 கேபிக்கு இறக்கிப் பரீட்சித்தார். சராசரித் திறப்பு நேரத்தைப் பார்த்தபோது அது குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. தேடிப் பார்த்ததில் விடயம் விளங்கியது. அதுவரை இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்ததால் அந்தப் பக்கமே வராமலிருந்த தென்கிழக்காசிய, ஆபிரிக்க, தென்னமெரிக்க ஆட்கள் இப்போது இரண்டு நிமிடத்தில் பார்க்க முடிந்து உள்ளே வந்துவிட்டார்கள். அதற்கு முன் அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை, ஏனென்றால் வட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிவாவதில்லை.

ஊர்த் தளமொன்றைக் கனடாவிலிருந்து நடத்தும் நண்பருக்கு இதையெல்லாம் எழுதினேன். படங்களைச் சுருக்கும், முகப்பில் சுழலும் அந்த நாற்பது படத்தில் முப்பத்தொன்பதை எடுத்துவிடும், இலவசக் களஞ்சியம் ஒன்றைச் சேரும் என்று. நல்ல மனிதர், உடனே பதில் போட்டார். சுருக்கலாமாம். களஞ்சியமும் பார்க்கலாமாம். ஆனால் முகப்பில் இருக்கும் நாற்பது பேரும் கோயில் உபயகாரர். ஒருவரை எடுத்தாலும் அடுத்த கூட்டத்தில் தன்னை எடுத்துவிடுவார்கள். "வட்டம் சுத்தினாலும் பரவாயில்லை அண்ணை," என்று எழுதியிருந்தார், "அவை சுத்தோணும்."